மௌன விரதத்தில் ஒரு கொலை

ஒரு குடும்பப் பெண் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார வேண்டுமென்றால், நம் பக்கத்தில் அதற்குச் செல்லுபடியாகும் காரணங்கள் மிகக் குறைவு. தலைவலி என்று சொன்னால் தைலத்தோடு ஒரு ஆள் உள்ளே வந்துவிடும். ஆபீஸ் மீட்டிங் என்று சொன்னால், "காமெராவ ஆஃப் பண்ணிட்டுத்தானே கேட்டுக்கிட்டிருக்க, அப்படியே இந்தப் பூண்டையும் உரிச்சுடேன்" என்று ஒரு தட்டு வரும். சாமி என்று சொன்னால் மட்டும்தான் யாரும் வரமாட்டார்கள். இந்த உண்மையை நான் கண்டுபிடிப்பதற்குள் பாதித் தலை நரைத்துவிட்டது. கண்டுபிடித்த கையோடு அதை வைத்து ஒரு காரியம் செய்தேன். அதனால் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது என்ன என்பதை அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் என் நிலைமை. கிண்டியில் ஏசி ரிப்பேர் பார்க்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு ராஜகீழ்ப்பாக்கம். காலையில் ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. சாயங்காலம் அதே வழியைத் திருப்பிப் போட்டால் வீடு. கல்லூரி நாட்களில் நான் கதை எழுதுகிறவள். இரண்டு கதைகள் அச்சில்கூட வந்திருக்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதிய கற்பனைப் படைப்புகள் எல்லாமே லீவ் லெட்டர்கள்தான்.

அப்படியிருக்கையில் ஒரு வாரப் பத்திரிகை, துப்பறியும் சிறுகதைகள் அனுப்பச் சொல்லி அறிவிப்புப் போட்டது. இரண்டு மாத அவகாசம். கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டு ஓனர் கொலையாவது போல ஒரு கதை என் மண்டைக்குள் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. எழுத இடம்தான் இல்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். அது மோட்டார் போடும் நேரம்; தொட்டி நிரம்பி வழிகிறதா என்று ஒரு காது மொட்டை மாடியிலேயே கிடந்தது. ரயிலில் போனில் தட்டிப் பார்த்தேன். குரோம்பேட்டையில் ஏறும் ஒரு அம்மாள் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "அந்த எஸ்.ஐ. பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆவலியாம்மா?" என்று கேட்டாள். (ஆகவில்லை, ஆகவும் ஆகாது என்றேன். கிண்டி வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.) மதிய இடைவேளையில் எழுதலாமென்றால், எங்கள் ஆபீசில் தினம் யாராவது ஒருவர் பிறந்து தொலைத்திருப்பார். கேக் வெட்டாமல் எழுந்து போக முடியாது.

இந்தத் தடவை விட்டால் இனிமேல் எழுதவே மாட்டேன் என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு வீட்டில் சொன்னேன்.

"நான் ஒரு கதை எழுதப் போறேன். வாரத்துல ரெண்டு மணி நேரம் எனக்கே எனக்குன்னு வேணும்."

என் கணவர் சரவணன் தங்கமான மனிதர். "எழுதேன் மலர், யாரு வேணாம்னா?" என்றார். சொல்லி முடித்த வாய் மூடுவதற்குள், "என் ப்ளூ செக்டு சட்டை எங்க?" என்றார். மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு. "நீ கதை எழுதுறியா? ஸோ க்யூட் மா" என்று, நாய்க்குட்டி சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தவள் போலச் சொன்னாள். மாமியார் எழுந்தார். உள்ளே போய் ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரை கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சும்மாதானே குந்திகினு கீற. இத்த ஆஞ்சு குடு."

மாமியார் கனகம்மாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ராஜகீழ்ப்பாக்கத்தின் பழைய குடும்பம். அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது வாடகைக்கு விட்ட வீடுகள் நிற்கின்றன. இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. பீரோ, மொட்டை மாடி, மோட்டார் ரூம், முன்வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப் என்று எங்கள் வீட்டில் மூடி உள்ள பொருள் எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. எல்லாச் சாவியும் அந்தக் கொத்தில். என் மாமனார் இரண்டு வருடத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். மாமியார் அழுததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மாமாவிடம் இருந்த மோட்டார் ரூம் சாவியும் அந்தக் கொத்தில் சேர்ந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் இனிப்பைத் தொடுவதில்லை. ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

கீரை ஆய்ந்த மறுநாள், ரயிலில் மகளிர் பெட்டியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. 'இன்று மௌன விரதம்.' நாங்கள் எல்லோரும் கொத்தவரங்காய்க் கட்டு மாதிரி நின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு மட்டும் ஜன்னலோரம் சீட்டு. நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்ள யாரும் அவளிடம் 'கொஞ்சம் நவுரும்மா' என்று சொல்லவில்லை. ஒருத்தி தன் சாப்பாட்டுப் பையை அவள் மடியில் வைக்கப் போனவள், அட்டையைப் படித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பையை என் கையில் திணித்தாள். அடடா, இதுவல்லவா வழி!

அன்றைக்கே மாமியாரிடம் ஆரம்பித்தேன். "அத்தை, சனிக்கிழமைல மௌன விரதம் இருக்கலாம்னு ஒரு எண்ணம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்கு?"

"குடும்ப நன்மைக்குத்தான்."

சந்தேகப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் விரதம் என் கையில் இல்லை. இருந்தால் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாளுக்குள் வரும் சனிக்கிழமை எல்லாம், இருக்க வேண்டும். தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, காலையிலிருந்து உச்சி வரைக்கும் பூஜை அறையை விட்டு வரக்கூடாது. காபி கிடையாது.

"காபி கூடவா அத்தை?"

"வாய்க்குள்ள ஒண்ணும் போவக்கூடாது, வாயிலேர்ந்து ஒண்ணும் வரக்கூடாது. அப்பதான் விரதம்."

எங்கள் பூஜை அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பரவாயில்லை, கதவு இருந்தது, அது சாத்தியது. ராமஜெயம் எழுதப் போகிறேன் என்று ஆபீசிலிருந்து கொண்டுவந்த, ஒரு பக்கம் மட்டும் அச்சான பேப்பர்களையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாம்பிராணிப் புகையில் கண் எரிய, பெருமாள் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, கீழ்க்கட்டளை வீட்டு ஓனரைக் கொன்றேன். (மரியாதைக்குப் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் கொன்றேன்.)

சொன்னால் நம்பமாட்டீர்கள், அது சொர்க்கம். கதவுக்கு வெளியே என் குடும்பம் நடந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்கும். யாழினி, "ம்மா, என் ஜியாமெட்ரி பாக்ஸ்..." என்று ஆரம்பிப்பாள். மாமியார் பாய்ந்து வருவார். "ஏய்! உங்கம்மா விரதத்துல கீறா. கதவாண்ட வந்து கத்துன, கால ஒடிச்சுடுவேன்." சரவணன் சட்டையைத் தானே தேடினார், தானே கண்டுபிடித்தார். சட்டை எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

கதையை அந்த வீட்டு மருமகள் சொல்வதாக எழுதினேன். அவளுடைய மாமனார், அதாவது வீட்டு ஓனர், காலையில் சம்ப்புக்குள் பிணமாகக் கிடக்கிறார். சம்ப்பின் மூடி வெளியே பூட்டியிருக்கிறது. சந்தேகம் மூன்று பேர்மேல்: வாடகைக்காரர், தண்ணீர் லாரி டிரைவர், ஓனரின் மகன். மாமியார்க்காரி ஒவ்வொரு காட்சியிலும் இன்ஸ்பெக்டருக்குக் காபி கொடுத்துவிட்டுப் போவாள். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. யார் கொன்றது என்பது மட்டும் எனக்கே தெரியவில்லை. அந்தப் பூட்டைத் திறக்க மூவரிடமும் சாவி இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் அந்தப் பூட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். முழுக் கதையையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கம் இல்லாமல் முழித்தேன்.

இதற்கிடையில் வெளியே வேறொரு கதை வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்று ஆறேழு மாதமாகத் திறந்தே கிடந்தது. நான் விரதம் தொடங்கிய சில நாட்களில் ஒரு லாரி வந்து அதை மூடிவிட்டுப் போனது. எதிர்வீட்டு விஜயா அக்காவுக்கு இது போதும்; மாமியாரிடம் வந்து நின்றார்.

"பெரிம்மா, மலரு விரதம் இருந்துதான் பள்ளம் மூடிக்கிச்சு. நான் சொல்றேன் பாரு."

அடுத்த வாரம் அவருடைய மகன் ஏதோ அரியர் பேப்பர் பாஸ் செய்துவிட்டான். அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் எங்கள் கேட்டுக்கு வெளியே செருப்புகள் சேர ஆரம்பித்தன. நான் உள்ளே பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதிக்கொண்டிருப்பேன்; வெளியே மாமியார், "கதவ மட்டும் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போங்க, தட்டக் கூடாது" என்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். உச்சிவேளையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் எலுமிச்சம்பழங்கள். ஆபீசில் ரசீதில் ஒரு பைசா பிசகினாலும் தூங்காதவள் நான். சாமி விஷயத்தில் ஏன் அப்படி நிம்மதியாகத் தூங்கினேன் என்று கேட்டால், அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் இன்னும் மோசமாகவும் இறங்கியிருப்பேன் என்பதுதான் பதில்.

மண்டலம் முடியும் சனிக்கிழமையும் பத்திரிகை சொன்ன கடைசி நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. அன்று காலை கடைசிப் பக்கத்தை எழுதி, மத்தியானம் மெயிலில் அனுப்பிவிட வேண்டும் என்பது என் திட்டம். மாமியாரின் திட்டம் வேறாக இருந்தது. புளியோதரை, சுண்டல், தெருப் பெண்கள் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு. மௌனத்தை ஹாலில் வைத்துத்தான் முடிக்க வேண்டும்.

"விரதம் முடிச்சு வர்ற மொத வார்த்த அப்படியே பலிக்குமாம்" என்று விஜயா அக்கா தெருவெல்லாம் சொல்லியிருந்தார். அவருக்கு மகள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டும். கடைசி வீட்டு அம்மாவுக்கு மகனின் விசா. எனக்கு ஒரு கொலைகாரன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், புளி ஊறவைத்துக்கொண்டே மாமியார் என்னிடம் பேசினார். அவர் என்னிடம் தலைகுனிந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

"மலரு, நாளைக்கு நீ இன்னா சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது. அது சாமி சொல்றது. ஆனா... உங்க மாமா அங்க நல்லா கீறாருன்னு ஒரு வார்த்த வந்தா போதும்டி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இந்தப் பித்தலாட்டத்தை நான் ஏன் ஆரம்பித்தேன் என்று அப்போதுதான் முதல்முறையாக என்னையே திட்டிக்கொண்டேன். விஜயா அக்காவின் மகள் கல்யாணமெல்லாம் தானாக நடக்கட்டும். முதல் வார்த்தை 'மாமா நல்லா இருக்கார்' என்பதுதான். முடிவு செய்துவிட்டேன். இரவு படுக்கும் வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றே மூன்று வார்த்தை. இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது?

மறுநாள் பூஜை அறைக்குள் போகவே விடவில்லை. ஹாலில் மணை போட்டு, மஞ்சள் புடவையோடு கிழக்குப் பார்த்து உட்காரவைத்துவிட்டார்கள். ஹால் நிறையப் பெண்கள். எனக்கு எதிரே சுவரில் மாமாவின் படம், மாலையோடு. கண்ணை மூடிக்கொண்டேன். கையில் பேனா இல்லாததால் மண்டைக்குள்ளேயே வேலை செய்தேன். சம்ப். பூட்டு. வாடகைக்காரர் வெளியூர். டிரைவர் வேறு தெருவில். மகனிடம் சாவி இல்லை. மாமா நல்லா இருக்கார், மாமா நல்லா இருக்கார். பூட்டு. யாரிடம் சாவி?

என்னைச் சுற்றி மாமியாரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. இலையை எங்கே போடுவது, யாருக்குச் சுண்டல் வரவில்லை, யார் குழந்தை செருப்போடு உள்ளே வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தையே ஒற்றை ஆளாக நடத்தக்கூடியவர். அப்போது கொல்லைப் பக்கமிருந்து சரவணன் கத்தினார்.

"ம்மா! குழாய்ல தண்ணி வரல. சம்ப்புல இருக்கான்னு பாக்கணும், சாவி எங்க?"

மாமியார் இங்கிருந்து பதில் சொன்னார். "என் இடுப்புல கீது. என்ன மீறி இந்த வூட்ல எவன்டா அந்த மூடியத் தொறப்பான்?"

என் கண் திறந்தது. வாயும் திறந்தது.

"மாமியார்தான்! மாமாவக் கொன்னது மாமியார்தான்!"

இதில் மன்னிக்கவே முடியாத பகுதி, நான் அதைச் சந்தோஷமாகச் சொன்னது. கையைக்கூடத் தட்டினேன்.

புளியோதரையை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. விஜயா அக்கா என்னைப் பார்த்தார், மாமாவின் படத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ, "பெருமாளே, ரெண்டு வருசம் கழிச்சா காட்டிக் குடுக்குற" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையில் ஸ்பேனரோடு ஓடிவந்த சரவணன், "யாரு? யார யாரு கொன்னாங்க?" என்றார்.

நான் இல்லை இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "நான்தான்."

தட்டிய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் சரவணனைப் பார்த்துச் சொன்னார்.

"ஜிலேபி கேட்டாருடா. சக்கர கூடவே கூடாதுன்னு டாக்டரு தலதலயா அடிச்சிகினாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. கேம்ப் ரோடு கடையாண்ட நானே போயி வாங்கியாந்து, உங்களுக்கெல்லாம் தெரியாம குடுத்தேன். துன்னுட்டு சிரிச்சாரு. காலீல எழுந்துக்கவே இல்ல. ரெண்டு வருசமா நெஞ்சுல வச்சிகினு கீறேன். எவன்கிட்ட சொல்லுவேன்? இன்னிக்கி பெருமாளே இவ வாயால கேட்டுட்டாரு."

அந்த நிமிடம் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் விரதமும் என் சனிக்கிழமையும் பிழைக்கும். அவ்வளவு கேவலமானவளாக இருக்க என்னால் முடியவில்லை. மணையிலிருந்து எழுந்து அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, அது பெருமாள் இல்ல. நான்தான். அது கதை."

"இன்னா கதை?"

"கீழ்க்கட்டளைல ஒரு வீடு அத்தை. சம்ப்புக்குள்ள வீட்டு ஓனர் செத்துக் கிடக்காரு..."

சுண்டல் தட்டோடு நின்ற அத்தனை பெண்களுக்கு முன்னால், ஒன்றுவிடாமல் முழுக் கதையையும் சொன்னேன். என் எழுத்து வாழ்க்கையில் அதுதான் முதல் வாசகர் கூட்டம். யாரும் எழுந்து போகவில்லை. முடித்ததும் விஜயா அக்காதான் முதலில் பேசினார்.

"அப்போ ராமஜெயம்?"

"எழுதலக்கா."

"ஒண்ணு கூடவா எழுதல?"

"பிள்ளையார் சுழி போட்டேன்."

"அடிப்பாவி! நான் எலுமிச்சம்பழம்லாம் வச்சேனேடி!"

மாமியார் இது எதையும் கேட்கவில்லை. அவர் இன்னும் ஜிலேபியிலேயே இருந்தார். சரவணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ம்மா, அது ஹார்ட் அட்டாக். டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. ரொம்ப நாளா நெஞ்சு வலிய நம்மகிட்ட மறைச்சிருக்காரு. ஒரு ஜிலேபில யாரும் சாக மாட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "அப்படிப் பாத்தா, அந்த வாரம் நானும் அவருக்கு லட்டு வாங்கிக் குடுத்தேன்."

மாமியார் தலை நிமிர்ந்தார். "நீயா?"

கதவோரம் நின்ற யாழினி, "நான் குல்ஃபி குடுத்தேன் பாட்டி. தாத்தா பிராமிஸ் வாங்கிக்கிட்டாரு" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆபீஸ் கேக்" என்றேன். "எப்பவாவது. சரி, அடிக்கடி." பின்வரிசையிலிருந்து விஜயா அக்கா, கேட்காமலே, "கேசரி கிண்டுனா ஒரு கிண்ணம் காம்பவுண்டு மேல வச்சிட்டுப் போவேன் பெரிம்மா. பெரிப்பாதான் வைக்கச் சொல்லுவாரு" என்றார்.

மாமியார் மெதுவாகத் திரும்பி, சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார்.

"பாவி மனுசா! 'கனகு, உன்ன வுட்டா எனக்கு யாருடி குடுப்பா'ன்னியே! ஊரையே ஏமாத்திக்கினு துன்னிருக்கியே!"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். இரண்டு வருட அழுகை. அழுகைக்கு நடுவே சிரித்தார், சிரிப்புக்கு நடுவே படத்தைப் பார்த்துத் திட்டினார். சரவணனும் அழுதார். பெண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்ததும், பசித்தது. எல்லோருமாகப் புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். எனக்கும் இலை போட்டார்கள், ஒருவரும் என்னோடு பேசவில்லை. நான் கேட்ட மௌனம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகக் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். மாமியார் வந்து எதிரே நின்றார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"ரெண்டு மணி நேரம் வோணும்னா வாயத் தொறந்து கேக்குறதுக்கு இன்னா?"

"கேட்டேன் அத்தை. நீங்க முருங்கைக்கீரை குடுத்தீங்க."

யோசித்தார். "ஆமா, குடுத்தேன். இன்னொரு தபா கேட்டிருந்தாலும் கீரதான் குடுத்திருப்பேன்." (இப்படி ஒரு நேர்மை எல்லா மாமியாருக்கும் வாய்க்காது.) அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, அந்தக் கெழவி எப்புடி கொன்னா?"

"மூடியத் திறந்து, அவர உள்ள தள்ளி, திரும்பப் பூட்டிடுறா."

"போடி பேஜாரு! சிமிட்டி மூடி இன்னா கனம் தெரியுமா? எனக்குக் கொடம் தூக்கவே முட்டி வலிக்குது. அந்த வயசு பொம்பள அத்தத் தூக்குவாளா? படிக்கிறவன் காறித் துப்புவான்."

சரிதான். மண்டல விரதம் இருந்து கண்டுபிடித்த கொலைகாரி ஒரு நிமிடத்தில் கைவிட்டுப் போனாள். "அப்போ யாரு அத்தை?"

"அந்த வூட்ல வலுவா கீறது யாரு? மருமவ. கெழவி குளிக்கப் போறப்ப சாவியக் கயட்டி ஆணில மாட்டிட்டுத்தானே போவா? அத்த யாரு எடுப்பா? மருமவ. மூஞ்சியப் பாவமா வச்சிகினு கதை சொல்லிகினு கீறது யாரு?" தேய்த்து வைத்த குண்டானை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, கறை இருக்கிறது என்று மறுபடியும் என் பக்கம் தள்ளினார். "மருமவளப் போடு."

மருமகளைப் போட்டேன். அன்று சாயங்காலமே அனுப்பினேன். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கதையை அச்சில் போட்டார்கள். மாமியார் கடையில் இருந்த பிரதிகளை எல்லாம் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். அன்றிலிருந்து யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால், "இது என் மருமவ. கொலகாரி" என்றுதான் அறிமுகம் செய்கிறார். தெருவில் அதுவே நிலைத்துவிட்டது. காய்கறி வண்டிக்காரர்கூட, "கொலகாரம்மா வூட்டுக்கு ரெண்டு கட்டு கீர" என்கிறார். விஜயா அக்காவுக்கு மட்டும் கோபம் முழுசாகத் தீரவில்லை. மூடிய பள்ளத்தை அடுத்த மாதமே வேறு ஏதோ கேபிளுக்காக மறுபடி தோண்டிப் போட்டார்கள். அது என் பொய் விரதத்தால் வந்த வினை என்பது அவர் கட்சி. மழைக்காலத்தில் அதைத் தாண்டும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் தாண்டுகிறார்.

பூஜை அறையைப் பெருமாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை மாமியார் என்னைக் கூப்பிட்டு, கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார். மாமாவின் மோட்டார் ரூம் சாவி. உள்ளே ஒரு நாற்காலியும் எழுத ஒரு பலகையும் போட்டிருந்தார். மோட்டார் ஓடும்போது பலகை நடுங்கும், எழுத்தும் நடுங்கும். மற்றபடி அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. காபி உண்டு.

இப்போதும் சனிக்கிழமை காலையில் யாராவது கேட்டருகே நின்று, "மலரு இல்லியா பெரிம்மா?" என்று கேட்டால், மாமியார் வாசலில் உட்கார்ந்தபடியே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வது எனக்கு உள்ளே கேட்கும்.

"கீறா. உள்ள கொல பண்ணிகினு கீறா. முடிச்சிட்டு வருவா, அப்பால வா."

நேரம் முடிந்ததும் கதவைத் தட்டுவார். திறந்தால், ஒரு கையில் எனக்கான தட்டு, இன்னொரு கையில் கடித்த ஜிலேபி. வாயில் இருப்பதை மென்று முழுங்கிவிட்டுத்தான் கேட்பார்.

"இன்னிக்கி யாரு செத்தா?"